வாபஸ் அண்ணனின் பைனாக்குலர்

ராயபுரத்தில் அந்த மனிதருக்கு ஒரு பொருளை விற்றுவிட்டு, விற்றாயிற்று என்று நிம்மதியாகக் கடையைச் சாத்திய வியாபாரி ஒருவர்கூடக் கிடையாது. காலையில் வாங்கிப் போவார். சாயங்காலம் அதே பொருள், அதே காகிதத்தில், அதே சணல் முடிச்சோடு திரும்பி வரும். "தப்பா நெனச்சிக்காத நைனா, இதுல ஒரு கொற கீது" என்பார். குரலில் சண்டை இருக்காது. அதுதான் இன்னும் எரிச்சல். சண்டைக்கு வந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லலாம். சிரித்துக்கொண்டே குறை சொல்கிறவரை என்ன செய்வது?

ஊர் அவருக்கு வாபஸ் என்று பேர் வைத்திருந்தது. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். நான்தான் ஒருநாள் வாய் தவறி, "வாங்க வாபஸ் அண்ணே" என்றுவிட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர், "பேரு ஷோக்காத்தான் கீது தங்கச்சி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் கடையில் அவர் வாபஸ் அண்ணன்தான்.

எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. நாங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்து ஆட்கள். என் மாமனார் காலத்தில் பிழைக்க வந்து ராயபுரத்தோடு ஒட்டிக்கொண்டவர்கள். என் வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து கண் சோதிப்பார், கண்ணாடி தேய்ப்பார். முன்னால் கல்லாவும் வாயும் என் பொறுப்பு. அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை நான் ஒரே வாடிக்கையாளரிடம் பேசி முடித்துவிடுவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று எங்கள் அம்மா சொல்லுவாள். கண்ணாடிக்கடைக்காரிக்கு அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொன்னதுதான் அவர் வாழ்க்கையில் அடித்த ஒரே ஜோக்.

அண்ணன் முதலில் வந்தது பெரிய மகளுக்குக் கண்ணாடி வாங்க. வாங்கிப் போனார். மறுநாள் வந்தார். "ஒரு காது ஒசந்து கீது." என் வீட்டுக்காரர் சரி செய்தார். அதற்கும் மறுநாள் வந்தார். "இப்ப இந்தக் காது." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃப்ரேமைத் தட்டையான கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்துப் பார்த்தால், அவர் சொன்னது சரி. ஒரு நூல் உயரம். அந்த நூலை அந்த மனிதர் வெறுங்கண்ணால் பார்த்திருந்தார். அதற்கும் மறுநாள் வந்தபோது நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன, மூக்கு கோணலா?" என்றேன். அவர் ஒரு தோல் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "வேற யாரோடதோ போட்டுக் குடுத்துட்ட. இது ஒசந்த உறை. எங்களது அட்டை உறைதான்."

அப்படியும் ஒரு பக்கம் அவருக்கு உண்டு. ரேஷன் கடையில் சர்க்கரை கூடுதலாக நிறுத்துவிட்டார்கள் என்று வீடுவரை போனவர் திரும்பி வந்து வரிசையில் நின்று கொடுத்தாராம். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டாராம். குறைந்தாலும் வாபஸ், கூடினாலும் வாபஸ்.

மீன்காரி கதை இன்னும் பிரசித்தம். ஒரு வெள்ளிக்கிழமை சங்கரா மீன் வாங்கிப் போனவர், மத்தியானம் குழம்புச் சட்டியோடு காசிமேட்டுக்குப் போய் நின்றுவிட்டார். "மண்ணு வாசன அடிக்குது. நீயே துன்னு பாரு." மீன்காரி ஒரு துண்டு எடுத்துத் தின்றாள். சுற்றி இருந்தவர்களுக்கும் ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தாள். சட்டி பாதி காலியானதும், "மீனு நல்லாத்தான் கீது. கொயம்புலதான் புளி பத்தல. உன் பொண்டாட்டிய வாபஸ் குடு" என்றாளாம். இவர் அதை அப்படியே வந்து வீட்டில் ஒப்பித்திருக்கிறார். "குடேன் பாக்கலாம்!" என்று அவர் மனைவி கரண்டியைத் தூக்க, "எங்கமே குடுக்கிறது? உங்கப்பன்தான் கடைய மூடிகினு பரலோகம் பூட்டாரே" என்றாராம். இதை அண்ணன் மனைவி, அந்த அக்காவே, எங்கள் கடையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் அவளுக்கு.

துறைமுகத்தில் க்ரேன் ஓட்டுவது அண்ணனின் வேலை. கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கிக் கரையில் இறக்குவது. தூக்குகிற இரும்புக் கயிற்றைத் தினமும் காலையில் பழந்துணியால் உருவிப் பார்ப்பாராம். துணியில் எங்காவது ஒரு பிசிறு மாட்டினால் போதும், கயிறு ஸ்டோருக்கு வாபஸ். ஸ்டோர்காரர் அவரைக் கண்டாலே டீ குடிக்கக் கிளம்பிவிடுவார் என்று கேள்வி. ஆனால் சரக்குக்குக் கீழே நிற்கிற கூலியாட்கள், இன்றைக்கு எந்த க்ரேனில் அவர் என்று விசாரித்துக்கொண்டு அந்தப் பக்கம் வேலைக்குப் போவார்கள்.

இவருக்கு எங்கிருந்து வந்தது பறவைப் பைத்தியம்? அந்தக் க்ரேனிலிருந்துதான். மார்கழி, தை மாதங்களில் காலையில் அந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கும்போது, வரிசை வரிசையாக வெள்ளைப் பறவைகள் வடக்கே போவதைப் பார்த்திருக்கிறார். எங்கே போகின்றன என்று துறைமுகம் முழுக்கக் கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. தெரியாத ஒன்றை விட்டுவிடுகிற ஆளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் என்று மிதித்துப் போய், முகத்துவாரக்குப்பம் தாண்டிக் கழிமுகச் சேற்றில் அவற்றைக் கண்டுபிடித்துவிட்டார். மறுநாள் கடைக்கு வந்து எனக்கு நடித்தே காட்டினார். இரண்டு கைகளையும் விரித்து, ஒரு காலை முன்னால் நீட்டி.

"எறங்கறத பாக்கணும் தங்கச்சி! காலு தண்ணில படறது தண்ணிக்கே தெரியாது. நானும் இத்தினி வருசமா சரக்கு எறக்குறேன். என்னிக்காவது அப்டி ஒரு தபா எறக்கணும்."

பறவைகளின் பேர் எதுவும் அவருக்குத் தெரியாது. பூநாரை என்று நான் சொன்னால், "அப்டியா" என்பார். பேரில் அவருக்கு அக்கறை இல்லை. அந்தக் கால் எப்படிச் சேற்றைத் தொடுகிறது என்பதுதான் வேண்டும். கரையிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைப் புள்ளிகள். கிட்டே போனால் பறந்துவிடும். அப்படித்தான் பைனாக்குலர் வாங்கும் எண்ணம் வந்தது. வந்ததா, பிடித்தது எங்களுக்குச் சனி.

பர்மாவிலிருந்து வந்தவர்கள் பீச் ரோட்டில் கடை போட்டிருந்த புதுசு அது. கப்பல் வழியாக வந்த வெளிநாட்டுச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். அதில் ஒருவர் பைனாக்குலர் வைத்திருந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். பாவம், அவர் தலையெழுத்து. முதலில் காட்டியது கப்பல் கேப்டன்கள் வைத்துக்கொள்கிற பெரியது. அதைப் பரீட்சை செய்ய எங்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார் அண்ணன். கழுத்தில் மாட்டிக்கொண்டு மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் நின்றார். "படம் ஷோக்கா கீது. ஆனா நங்கூரத்தக் கட்டிகினாப்பல கீது" என்று கழற்றினார். விலையும் கழுத்தைப் பிடிக்கிற விலைதான். அடுத்தது சின்னது, மலிவு, ஆனால் இருபது மடங்கு பெரிதாகக் காட்டும் என்று எழுதியிருந்தது. எனக்கே அதன்மேல் ஆசை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

"வேண்டாம் அண்ணாச்சி. பறவையைப் பெருசாக் காட்டுனா கை நடுக்கத்தையும் பெருசாக் காட்டும்லா. ஒரு இடத்துல நிக்காது."

அண்ணன் பார்த்தார். துறைமுகமே ஆடியது. அதுவும் வாபஸ்.

கடைசியில் நடுவிலை ஒன்று. எட்டு, முப்பது என்று இரண்டு எண்கள் போட்ட ஜப்பான் சரக்கு. எட்டு மடங்கு காட்டும், முன்கண்ணாடி முப்பது மில்லிமீட்டர் அகலம். கழுத்துக்கும் பாரமில்லை, கையிலும் நின்றது, ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததற்குள்ளும் அடங்கியது. இதுதான் சரி என்று என் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். நானும் சனி விட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் வந்தார். "எடது பக்கம் மங்கலா கீது."

கடல் ஓரத்துச் சரக்கில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிப்பது சகஜம். என் வீட்டுக்காரர் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை. "சுத்தமா இருக்கு அண்ணாச்சி." அண்ணன் சிரித்தார். "மாப்ள, ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கற, உன் கண்ண மொதல்ல பாரு" என்று பர்மாக்காரரிடம் போய் அதே மாதிரி இரண்டாவதை வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எண்ணூருக்குப் போய் மாட்டிக்கொண்டது தனிக்கதை.

கள்ளக்கடத்தல் பேச்சு அடிபட்ட காலம் அது. பைனாக்குலரோடு ஒரு ஆள் கழிமுகத்தில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தால் குப்பத்து ஆட்கள் என்ன நினைப்பார்கள்? கஸ்டம்ஸ்காரன் வந்துவிட்டான் என்று நாலு பேர் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"இன்னா மாமு, எந்தப் படகப் பாத்துகினு கீற?"

"படகு இல்லபா. பட்சி."

"யார டபாய்க்கிற? கொக்கப் பாக்க கவர்மெண்டு ஆள் அனுப்புதா?"

அண்ணன் சளைக்காமல் பைனாக்குலரைக் கழற்றி அவர்களில் மூத்தவரிடம் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "டேய், மூக்க கவுத்து வச்சிகினு துன்னுதுடா!" என்று கத்தினாராம். அப்புறம் நாலு பேரும் அதற்காக அடித்துக்கொண்டு, அண்ணனுக்குச் சுட்ட இறாலும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "எடது பக்கம் மங்கலா இல்லியா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறார். யாருக்கும் மங்கலாக இல்லை. "உப்புக் காத்துல அவங்க கண்ணு பூட்டுது தங்கச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதையும் வாபஸ் கொடுக்கப் போனார்.

அந்த நாட்களில்தான் அவர் க்ரேனையும் குறை சொல்லத் தொடங்கினார். இரும்புத் தகடுகளை இறக்கும்போது தரையில் சற்று வேகமாக மோதிவிட்டது. கீழே நின்ற ஒருவர் ஒரே தாவாகத் தாவிப் பிழைத்தார், செருப்பு மட்டும் தகட்டுக்கு அடியில் போயிற்று. பிரேக் சரியில்லை என்று அண்ணன் எழுதிக் கொடுத்தார். ஃபிட்டர் பிரித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த வாரம் இன்னொரு மோதல். மறுபடியும் பிரிக்க வைத்தார். "வூட்டுலயும் ஒரே பேஜாரு. காப்பி டம்ளர வைக்க வேண்டிய எடத்துல வைக்க மாட்டேங்குது, கேட்டா மேசை கோணலாம்" என்று அக்கா வந்து புலம்பினாள். நாங்கள் இருவரும் அதற்கும் சிரித்தோம்.

மூன்றாவது பைனாக்குலரோடு அவர் வந்த அன்று, பர்மாக்காரரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

"அம்மா, நீங்களே நியாயம் சொல்லுங்க. மூணும் ஒரே பெட்டியில வந்த சரக்கு. மூணையும் நானே பார்த்துத்தான் கொடுத்தேன். இவர் இப்படித் திருப்பித் திருப்பிக் கொண்டுவந்தா, நான் பூசணம் பிடிச்சதை விக்கிறேன்னு பக்கத்துக் கடைக்காரங்க சொல்ல மாட்டாங்களா?"

எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். அங்கிருந்து துறைமுகத்து க்ரேன்கள் தெரியும். எதைச் சோதித்தாலும் அவற்றைப் பார்த்துத்தான் சோதிப்போம். என் வீட்டுக்காரர் பார்த்தார்: தெளிவு. பர்மாக்காரர் பார்த்தார்: தெளிவு. நான் பார்த்தேன், க்ரேன் உச்சியில் உட்கார்ந்திருந்த காக்காயின் அலகு வரைக்கும் தெரிந்தது. அண்ணன் வாங்கிப் பார்த்தார்.

"எடது பக்கம் பனி மூடினாப்பல கீது."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "அண்ணே! அந்த ஆண்டவரே இறங்கி வந்து கண்ணாடி செஞ்சு தந்தாலும் உங்களுக்குக் குறைதான். ஒண்ணு செய்யுங்க. அதைக் கவுத்திப் புடிச்சுப் பாருங்க. அப்பவாவது உங்களுக்குத் திருப்தி வருதான்னு பார்ப்போம்!"

ஆத்திரத்தில் சொன்னது. ஆனால் எதையும் செய்து பார்க்காமல் விடுகிற மனிதர் இல்லையே அவர். பைனாக்குலரின் அடிப்பக்கம் மேலே வரும்படி திருப்பி, அப்படியே கண்ணில் வைத்தார். இப்போது இடது குழாய் அவருடைய வலது கண்ணில். வலது குழாய் இடது கண்ணில். குற்றம் குழாயில் இருந்தால் மங்கல் இப்போது வலது பக்கம் போயிருக்க வேண்டும்.

அண்ணன் அப்படியே கொஞ்சம் பார்த்தார். நேராகத் திருப்பிப் பார்த்தார். மறுபடி கவிழ்த்துப் பார்த்தார். மறுபடி நேராக. பிறகு பைனாக்குலரைப் பர்மாக்காரர் கையில் கொடுத்துவிட்டு, உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்தார்.

"க்ரேனே இல்ல தங்கச்சி," என்றார்.

பர்மாக்காரர் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர்தான் வந்து அண்ணன் தோளைத் தொட்டு, "வாங்க அண்ணாச்சி, கீழ போயி விளக்குல பார்ப்போம்" என்றார்.

உள்ளே உட்கார வைத்து வெகுநேரம் பார்த்தார். "இந்தக் கண்ணுல எப்பவாச்சும் அடிகிடி பட்டுதா?" என்று கேட்டார். சில வருஷங்களுக்கு முன்னால் இரும்புக் கயிற்றின் ஒரு இழை அறுந்து வந்து அடித்ததாம். இரண்டு நாள் சிவந்திருந்ததாம், அவ்வளவுதான். "அதுல புரை விழுந்திருக்கு. கொஞ்சம் கொஞ்சமா விழுந்ததால தெரியலை. நல்ல கண்ணு ஒண்ணு இருக்குல்லா, அதுவே ரெண்டு பேர் வேலையையும் பாத்திருக்கு. ஆனா கிட்டக்க இருக்கா, எட்ட இருக்காங்கற கணக்கு ஒத்தைக் கண்ணுக்குப் பிடிபடாது அண்ணாச்சி."

அண்ணன் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். குடிக்கவில்லை.

"நல்ல பிரேக்குமா அது," என்றார் என்னிடம். "ரெண்டு தபா கயட்ட வச்சிட்டேன்."

மறுநாள் காலையில் கடை திறப்பதற்குள் அக்கா வந்து நின்றாள். அவர் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கமா. வருசத்துக்கு ஒரு தபா எயுத்து படிக்கச் சொல்றாங்க, அவ்ளோதான். ரெண்டு கண்ணையும் தொறந்துகினுதான் படிக்கிறது. பாஸ் ஆயிடும். மெடிக்கல்ல தூக்கிட்டான்னா வேலையும் போயிடும், போர்ட்டுல குடுத்த கோட்ரஸையும் காலி பண்ணுன்னுவான். ரெண்டு பொட்டப் புள்ளைங்கள இட்டுகினு நான் எங்க போவேன்?"

என்ன சொல்வது? அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. க்ரேன் போனால் அவர்களுக்கு எல்லாம் போகும். நான் அவள் பக்கம்தான் இருந்தேன். யாரிடமும் சொல்லமாட்டோம் என்று என் வீட்டுக்காரரும் நானும் வாக்குக் கொடுத்தோம். அவள் கொஞ்சம் தைரியமாகி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

எங்கள் வாக்குக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. அதே நேரத்தில் அண்ணன் துறைமுகத்தில் ஃபோர்மேன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்ன நடந்தது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

"சார், ஒரு சரக்கு வாபஸ்."

"மறுபடியும் இன்னாய்யா? கயிறா, கொக்கியா?"

"நான்தான் சார். எடது கண்ணு பூட்டுது. என்ன எறக்கிடுங்க."

ஃபோர்மேன் நல்ல மனிதர்தான். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "யாராவது கம்ப்ளைண்டு பண்ணாங்களா? இல்லையே. டெஸ்டு வரப்போ பாத்துக்கலாம், பேசாம போய் ஏறு" என்றிருக்கிறார். அண்ணன் அசையவில்லை. "அதுக்குள்ள எவ்ளோ சரக்கு எறக்குவேன் சார். கீய ஆளுங்க நிக்கிறாங்க." ஃபோர்மேன் அதை எழுதித் தரச் சொல்லிக் காகிதத்தை நீட்டினாராம்.

அதற்குப் பிறகு மாதங்கள் போயின. ஃபைல் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. கண் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, அவசரப்பட்டு அறுக்க வேண்டாம் என்றார். ஒரு கண்ணில் மட்டும் புரை எடுத்துத் தடிமனான கண்ணாடி போட்டால், ஒரு கண் ஆளைப் பெரிதாகவும் மறு கண் சிறிதாகவும் காட்டும். அந்தக் காலத்தில் அதற்கு எங்களிடம் வழி கிடையாது. ஆக, க்ரேன் இனி இல்லை என்பது நிச்சயமாயிற்று. அக்கா தையல் மெஷினை வாடகைக்கு எடுத்து ஜாக்கெட் தைத்தாள். புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்க நைனாவ துன்ன சொல்லு" என்று மகளிடம் சொல்லுவாள். அவர் எதிரே உட்கார்ந்திருப்பார். "துன்னுட்டேன்னு சொல்லு" என்று மகளிடமே பதில் சொல்லுவார். கேட்டால் சிரிப்பு வரும், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தால் வராது.

கடைசியில் வேலை தப்பியது, கோட்ரஸும் தப்பியது. தரையில் நின்று க்ரேன்காரருக்குக் கைச்சைகை காட்டுகிற வேலை கொடுத்தார்கள். சம்பளம் கீழே இறங்கியது. அவர் மூஞ்சி இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெறுங்கண்ணோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் போய்விடுவார். அக்கா மட்டும் இளகவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல" என்று என்னிடம் சொல்லிச் சொல்லி அழுவாள்.

ஒருநாள், அவருக்கு லீவு. மெயின் ரோட்டில் மூன்று பேர் வருவதைப் பார்த்தேன். முன்னால் அண்ணன், பின்னால் பர்மாக்காரர், அவர்களுக்கும் பின்னால் பத்தடி தள்ளி, மகள்கள் நச்சரித்துக் கிளப்பிவிட்ட முகத்தோடு அக்கா. பர்மாக்காரர் இரண்டு பெட்டிகள் வைத்திருந்தார். ஒன்று அதே எட்டு-முப்பது. இன்னொன்று ஒற்றைக் குழாய்.

"நான் சொன்னேம்மா," என்றார் பர்மாக்காரர். "இவருக்கு ஒரு கண்ணுக்குப் பார்க்கிற மாதிரி ஒத்தைக் குழாயே போதும், விலையும் பாதி. கேட்க மாட்டேங்கறார்."

"எனக்கா வாங்கறேன்?" என்றார் அண்ணன். "எனக்குக் கீறது எனக்குப் போதும். இவளுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான கீது. நான் ஒத்தையா பாத்துகினு கீறத இவளும் பாக்கட்டும். தங்கச்சி, இவ கண்ணுக்குச் சரியா கீதான்னு பாத்துக் குடு."

அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் அவளைத் தள்ளிக்கொண்டு மாடிக்கு ஏறினேன், மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். பைனாக்குலரை அவள் கண்ணுக்கு வைத்து, இரண்டு குழாய்களையும் அவள் முகத்துக்கு ஏற்றபடி நெருக்கி, நடுச் சக்கரத்தைத் திருப்பச் சொல்லிக்கொடுத்தேன். கடல் தெரிந்தது, கப்பல் தெரிந்தது. அப்புறம் அவள் கை ஓர் இடத்தில் நின்றுவிட்டது.

"அதுவா க்ரேனு?"

இத்தனை வருஷம் சோற்றுக்கேரியரோடு துறைமுக கேட் வரைக்கும்தான் போயிருக்கிறாள். உள்ளே விட மாட்டார்கள். கேட்டிலிருந்து பார்த்தால் கிடங்குச் சுவர்தான் தெரியும்.

"அந்தத் தகர ரூமுலயா குந்திகினு இருந்த?" என்றாள். மகள்கள் பக்கத்தில் இல்லை, அவரைத்தான் கேட்டாள். "இம்மாம் ஒசரத்துலயா?"

"அதுலதான்," என்றார் அவர்.

"பெரிசா இன்னாவோ தொங்குது."

"இரும்புக் கட்டா இருக்கும்."

"கீய ஒரு ஆளு நிக்கிறான்யா." அவள் குரல் மாறியது. "நேரா அதுக்குக் கீய. துண்டால மூஞ்சியத் தொடச்சிகினு கீறான். மேல பாக்கவே மாட்டேங்கறானே! யோவ், அவன நவுரச் சொல்லு!"

"பாக்க மாட்டான்மே. மேல கீறவன நம்பி நிக்கிறான்."

அவள் பைனாக்குலரை இறக்கவில்லை. எங்களுக்கு வெறுங்கண்ணில் தெரிந்தது ஒரு குச்சியும் அதில் தொங்கிய ஒரு புள்ளியும்தான். அந்தப் புள்ளி மெதுவாகக் கீழே போனது. அவள் உதடு என்னவோ முணுமுணுத்தது, ஜெபமாகத்தான் இருக்கும்.

"எறங்கிடுச்சி," என்றாள் ஒரு பெருமூச்சோடு. "அவன் கொக்கியக் கயட்டிகினு கீறான். போறான். நல்லாத்தான் போறான்."

பைனாக்குலரை எடுத்தபோது அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. முந்தானையால் முதலில் கண்ணாடியைத் துடைத்தாள், பிறகுதான் கண்ணைத் துடைத்தாள். அவரிடம் போய் அதை நீட்டினாள்.

"நீ எறங்குனது நல்லதுய்யா," என்றாள்.